ஒன்பது கட்டம் முன்னால்

ரோமாபுரியில் கோழி வயிற்றுக்குள் ரொட்டித்தூளும் ஈரலும் அடைத்துத் தைப்பார்களே, அந்தப் பூரணத்துக்கு என்ன பெயரோ அதே பெயர்தான் எங்களுக்கும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கச்சேரிக்கு ஆள் குறிக்கிற பட்டியலில் அப்படித்தான் எழுதுவார்கள். கர்தினால் வீட்டுக் கச்சேரியில் முன்னால் மூன்று பேர் தனியாக உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு பிடில், ஒரு செல்லோ. அவர்கள்தான் கோழி. பின்னால் அரைவட்டமாகப் பதினெட்டுப் பேர். நாங்கள் பூரணம்.

என் பெயர் உபால்டோ. பூரணத்தில் இரண்டாம் பிடில் வரிசைக்கு நான் தலைவன். இருபத்திரண்டு வருஷமாக அதே நாற்காலி. தலைவன் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். என்னைத் தவிர அந்த வரிசையில் ஐந்தே பேர்.

வேலை இதுதான். முன்னால் இருக்கிற மூவர் ஏதோ ஒன்று சொல்வார்கள். பின்னால் நாங்கள் அத்தனை பேரும் சேர்ந்து ஆமாம் போடுவோம். அவர்கள் விலகிப்போய்த் தங்களுக்குள் கொஞ்சுவார்கள், சண்டை பிடிப்பார்கள், ஒருவர் வாலை ஒருவர் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். அந்த நேரம் நாங்கள் வில்லை முழங்காலில் வைத்துக்கொண்டு வாயைப் பொத்தி இருக்க வேண்டும். பிறகு எல்லாரும் ஒரே மூச்சில் உள்ளே வந்து விழுவோம். அவர்கள் வாசிக்கும்போது ஜன்னல் கண்ணாடி சும்மா இருக்கும், நாங்கள் வந்தால் கடகடவென்று ஆடும். கேட்பவர்களுக்கு அந்த ஏற்ற இறக்கம்தான் சுகம். மூவரின் சத்தம் ஒடுங்கி ஒடுங்கி நூலாகப் போகும்போது சபையில் பெண்கள்கூட விசிறியை நிறுத்திவிடுவார்கள்.

முன்வரிசைக்காரர்கள் தங்கள் இஷ்டத்துக்கு ஒரு குழைவு, ஒரு சுழற்சி சேர்த்துக்கொள்ளலாம். மெதுவான பகுதி வந்தால், முன்னால் முதல் பிடில் வாசிக்கிற எங்கள் வாத்தியார் லிபோரியோ தாளில் இருக்கிற நாலு சுரத்தை நாற்பதாக்கிவிடுவார். நாங்கள் சேர்த்தால் கை போய்விடும். எழுதினதை எழுதினபடி வாசிக்க வேண்டும். பதினெட்டு வில்லும் ஒரே பக்கம் போக வேண்டும், ஒரே பக்கம் திரும்ப வேண்டும். ஒத்திகையில் ஒரு வில் மேலே போகிற நேரத்தில் இன்னொன்று கீழே போனால் வாத்தியார் நிறுத்திவிட்டு, "யார்டா அங்கே விறகு அறுக்கறது?" என்பார்.

அதைவிடப் பெரிய சட்டம் ஒன்று உண்டு. மூவர் தனியாகப் போகும் இடத்தில் பின்னாலிருந்து எவனாவது சத்தம் கொடுத்தால் அவன் பெயர் அன்றோடு காலி. பொம்பீலியோ என்று ஒருவன் இருந்தான், நல்ல வித்வான். ஒரு கட்டம், தாளில் கோட்டுக்குக் கோடு இருக்கிற ஒரே ஒரு கட்டம் முந்தி நுழைந்தான். இப்போது ஆற்றுக்கு அந்தப் பக்கம் கல்யாண வீடுகளில் வாசித்துக்கொண்டிருக்கிறான்.

அதனால் கட்டம் எண்ணுவது உயிர்ப் பிரச்சினை. தாளில் 'இருபத்து மூன்று கட்டம் சும்மா இரு' என்று போட்டிருந்தால் இருபத்து மூன்றையும் எண்ணித்தான் ஆக வேண்டும். நான் எண்ணுவேன். மற்றவர்கள் எண்ணமாட்டார்கள். ஆரம்பத்தில் என் வரிசைக்காரர்கள் மட்டும் என் வில்லைப் பார்த்து வில்லைத் தூக்கினார்கள். போகப்போக முதல் பிடில் வரிசையின் தலைவர் ஜெர்வாசியோவுக்கும் அதுவே பழக்கமாயிற்று. அவரைப் பார்த்து, பிடிலைவிடக் கொஞ்சம் பெரிய வியோலா பிடிக்கிற வியோலாக்காரர்கள், அவர்களைப் பார்த்து அடிச்சுரம் பிடிக்கிற பெரிய வாத்தியக்காரர்கள். என் பக்கத்து நாற்காலி பிப்போ கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவான். என் முழங்கை அசைந்தால் அவன் வில் தானாக எழும்பும். எனக்கு அதில் கர்வம்தான், ஏன் மறைக்க வேண்டும்? இருபத்திரண்டு வருஷத்தில் ஒருநாளும் தப்பு எண்ணியதில்லை.

ஆனால் எனக்கு வேண்டியது அந்தப் பெருமை அல்ல. முன்னால் வாத்தியாருக்குப் பக்கத்தில் இருக்கிற இரண்டாவது பிடில் நாற்காலி. அதுதான் வேண்டும். ஒன்பது வருஷத்துக்கு முன் அது காலியானது. எனக்குத்தான் என்று ஊரே சொன்னது. நானும் புது மேல்சட்டை தைத்து வைத்துவிட்டேன். வாத்தியார் எர்கோலேயைக் கூப்பிட்டார். என்னைவிட ஆறு வயது இளையவன், என் தங்கை ஓர்சோலாவின் புருஷன். கல்யாணம் ஆகி அப்போது மூன்று மாதம்.

மச்சான் ஆயிற்றே, வாயைத் திறக்க முடியுமா? கட்டிப்பிடித்து வாழ்த்தினேன். புது மேல்சட்டையைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினேன். அதற்கப்புறம் ஒவ்வொரு கச்சேரிக்கும் என் பகுதியைப் படித்தேனோ இல்லையோ, அவன் பகுதியை வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்துவிடுவேன். ஒன்பது வருஷத்து உருப்படிகள் அத்தனையும் எனக்கு மனப்பாடம். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

அந்த வருஷம் இலை உதிர்கிற காலத்தில் எர்கோலேயின் இடது கையில் ஏதோ கோளாறு என்று கவனித்தேன். நேராகப் பிடிக்க வேண்டிய சுரத்துக்கு அவன் கையையே மேலே நகர்த்தினான். மோதிர விரல் வர வேண்டிய இடத்தில் நடுவிரல் வந்தது. முன்னால் இருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. பின்னால் உட்கார்ந்து ஒன்பது வருஷமாக அவன் விரலையே பார்த்துக்கொண்டிருப்பவனுக்குத் தெரியாமல் போகுமா?

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். தங்கை குடல் குழம்பு வைத்திருந்தாள். எர்கோலே அடுப்புக்கு விறகு எடுக்க முற்றத்துக்குப் போனதும் ஓர்சோலா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். யார்கிட்டேயும் மூச்சு விடக் கூடாது."

"அவன் கையைப் பத்தித்தானே?"

அவள் முகம் வெளிறிப்போனது. "உனக்கு எப்படித் தெரியும்? வாத்தியாருக்கும் தெரிஞ்சிடுச்சா?"

"அவருக்கு அவர் கையைப் பாக்கவே நேரம் பத்தல. என்னன்னு சொல்லு."

"ரெண்டு விரல் மரத்துப்போகுது. சுண்டு விரலும் மோதிர விரலும். முந்தாநாள் கொதிக்கிற பாத்திரத்தைத் தொட்டுட்டு நிக்கறார், சுடறதுகூடத் தெரியல. தூங்கறார்னு நான் நினைச்சுக்கிட்டிருந்தா, எழுந்து உக்காந்து விரலைக் கடிச்சுப் பாத்துக்கிட்டிருக்கார்." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்தது. "அந்த நாற்காலி போச்சுன்னா அவர் ஒடிஞ்சிடுவார் அண்ணே. உள்ளுக்குள்ளேயே போயிடுவார்."

"நான் யார்கிட்டே சொல்லப்போறேன்?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவள். "உனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷமா இல்லையே?"

"சீச்சீ, என்ன பேச்சு இது?" என்றேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. வருத்தமும் இருந்தது. எது அதிகம் என்று எடை போட்டுப் பார்க்க நான் விரும்பவில்லை.

ஜனவரியில் கர்தினாலின் பெயர்நாள், அவர் பெயர் கொண்ட புனிதரின் திருநாள். அந்த வருஷம் நாடக அரங்குகளைத் திறக்கவிடவில்லை. ஊரில் காது உள்ளவர்கள் எல்லாரும் அன்று மாலை எங்கள் கர்தினால் வீட்டில்தான் கூடுவார்கள். வாத்தியார் புதிதாக ஒரு உருப்படி எழுதியிருந்தார். கடைசிப் பகுதி துள்ளல் நடை. அதன் நடுவில் மூவர் மட்டும் போகிற இருபத்து மூன்று கட்டம். வாத்தியார் ஒரு கேள்வி கேட்பார், எர்கோலே பதில் சொல்லுவான். கேள்வி நீள நீளப் பதிலும் நீளும். பதினான்காம் கட்டத்தில் வாத்தியார் ஒரு நீண்ட சுரத்தில் நின்றுகொள்ள, எர்கோலே மட்டும் மேலும் கீழுமாக ஓட வேண்டும். அந்த ஓட்டத்தில் நாலு விரலுக்கும் வேலை. இருபத்து நான்காம் கட்டத்தில் நாங்கள் இடி மாதிரி உள்ளே வருவோம்.

ஒத்திகையில் எர்கோலே எப்படியோ சமாளித்தான். விரல்களை மாற்றிப் போட்டு, இரண்டு விரலை வைத்துக்கொண்டு அந்த ஓட்டத்தைக் கடந்தான். பார்க்கவே பயமாக இருந்தது. பாராட்டவும் தோன்றியது. "நல்லாத்தான் வருது," என்றேன். "மச்சான், கண்ணு வைக்காதே," என்றான்.

பெயர்நாள் அன்றைக்கென்று வடகாற்று அடித்தது. கர்தினால் வீட்டுக் கூடம் எத்தனை கணப்பு வைத்தாலும் சூடாகாத அளவு பெரியது. எர்கோலே ஆரம்பிக்கிற வரைக்கும் கணப்புச் சட்டியை விட்டு நகரவே இல்லை. பிப்போ வேறு, "என்னப்பா, கையைச் சுட்டுச் சாப்பிடப்போறியா?" என்று கேட்டான். எர்கோலே சிரிக்கவில்லை.

முதல் பகுதி கம்பீரமாகப் போனது. நாங்கள் பெரிய படிக்கட்டு மாதிரி இறங்கினோம், மூவர் அதன்மேல் நடந்தார்கள். இரண்டு முன்பிடில்களும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு வலிக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும், உடனே ஒன்று விட்டுக்கொடுத்து இறங்கும், அடுத்த நொடி மறுபடி மோதும். அதை எர்கோலே எப்போதும் அழகாக வாசிப்பான். அன்றும் அப்படித்தான். மெதுவான பகுதியில் வாத்தியார் தன் நாற்பது சுரத்தை உதிர்த்தார். நாங்கள் நீளமாக வில்லை இழுத்துக்கொண்டு அவருக்குக் கீழே தரை போட்டுக்கொண்டிருந்தோம். கர்தினால் முன்னால் உட்கார்ந்து, எல்லாருடைய பகுதியும் சேர்த்து எழுதிய புத்தகத்தை மடியில் வைத்துப் பக்கம் பக்கமாகத் திருப்பிக்கொண்டிருந்தார். மனுஷர் தானும் கொஞ்சம் வாசிப்பார், அதனால் எங்களுக்கு எப்போதும் தொல்லை.

துள்ளல் நடை வந்தது. நாங்கள் ஒருமுறை முழங்கிவிட்டு வில்லை முழங்காலில் வைத்தோம். மூவர் தனியே புறப்பட்டார்கள். நான் எண்ண ஆரம்பித்தேன்.

பத்து. பதினொன்று. வாத்தியார் கேட்டார், எர்கோலே சொன்னான். பன்னிரண்டு. பதின்மூன்றில் அவன் பதில் மங்கலாக வந்தது. பதினான்கில் வாத்தியார் நீண்ட சுரத்தில் போய் நின்றார். ஓட வேண்டியவன் ஓடவில்லை. இரண்டு சுரம் வந்தது, மூன்றாவது உரசலாகப் போயிற்று, பிறகு ஒன்றுமில்லை. அவன் இடது கையைப் பார்த்தேன். விரல்கள் தந்திமேல் இருந்தன. அவற்றை எங்கே வைத்தோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

வாத்தியார் நீண்ட சுரத்தை இழுத்துக்கொண்டே இருந்தார். செல்லோ தனியாகத் தட்டித் தட்டி நடந்துகொண்டிருந்தது. அந்த ஓட்டை எவ்வளவு பெரியதாக இருந்தது என்று சொல்லி மாளாது.

இப்போது நான் சொல்லப்போவதைப் பலபேர் வேறு மாதிரி சொல்லக் கேட்டிருக்கிறேன். நடந்தது இது. என் விரல்கள் ஏற்கனவே அவனுடைய ஓட்டத்தின் மேல் இருந்தன. ஒன்பது வருஷப் பழக்கம். நான் வில்லைத் தூக்கினேன். மச்சானைக் காப்பாற்றத் தூக்கவில்லை. தங்கைக்காகவும் இல்லை. இந்த ஓட்டத்தை ஓடத் தெரிந்தவன் இங்கே ஒருத்தன் இருக்கிறான், இத்தனை நாளும் உங்கள் முதுகுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தான், கேளுங்கள் என்று காட்டத் தூக்கினேன். அந்த வெறியில் சட்டமும் ஞாபகமில்லை, பொம்பீலியோவும் ஞாபகமில்லை.

நாலு சுரம் வாசித்தேன். நாலே நாலு. அதற்குள் பிப்போவின் வில் எழுந்துவிட்டது.

என் முழங்கை அசைந்ததே! என் வரிசை முழுக்க எழுந்தது. ஜெர்வாசியோ கடைக்கண்ணால் பார்த்துத் தன் வரிசையோடு எழுந்தார். வியோலாக்காரர்கள், பெரிய வாத்தியக்காரர்கள், ஒருவர் பாக்கியில்லை. நான் வாசித்தது எர்கோலேயின் ஓட்டம். அவர்கள் வாசித்தது அவரவர் தாளில் அடுத்து இருந்தது, இருபத்து நான்காம் கட்டம். பதினைந்தாம் கட்டத்தில், ஒன்பது கட்டம் முன்னால், பூரணம் மொத்தமும் இடி மாதிரி உள்ளே வந்து விழுந்தது. என்னுடைய நாலு சுரம் அதில் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

வாத்தியார் தலையை இம்மியளவு திருப்பினார். அடுத்த சுரத்தில் எங்களோடு வந்து சேர்ந்துகொண்டார். செல்லோவும் தாவிப் பிடித்துக்கொண்டது. எர்கோலே ஒரு நொடி திகைத்து அவனும் உள்ளே வந்துவிட்டான், எங்கள் பகுதி அவன் விரலுக்கு எளிது. அப்படியே முடித்தோம். கைதட்டல் பலமாக இருந்தது. கர்தினால் மட்டும் கைதட்டாமல் புத்தகத்தின் ஒரு பக்கத்தை முன்னும் பின்னும் திருப்பித் தேடிக்கொண்டிருந்தார்.

வித்வான்களுக்கு ஒதுக்கிய அறையில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் ஒயினும் வைத்திருந்தார்கள். யாரும் என் பக்கம் வரவில்லை. பிப்போ மட்டும் வந்தான். "இருபத்திரண்டு வருஷமா எண்ணினே, இன்னிக்கு எண்ணிக்கை தீந்துபோச்சா? நான் நல்லாத் தூங்கிட்டிருந்தேன்யா, பாவி!" என்றான். அவன் சிரிக்க வைக்கத்தான் பார்த்தான். எர்கோலே சுவரோரமாகப் பிடிலைத் துணியில் சுற்றி, அவிழ்த்து, மறுபடியும் சுற்றிக்கொண்டிருந்தான்.

லிபோரியோ வாத்தியார் கர்தினாலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். என்னை ஜன்னல் ஓரம் தள்ளிக்கொண்டு போனார்.

"ஒன்பது கட்டம் எங்கேடா போச்சுன்னு கேக்கறார். எலி தின்னுடுச்சுன்னு சொல்லவா?"

"வாத்தியாரே..."

"நான் சொல்றதைக் கேளு. அவருக்கு ஒரு பேர் வேணும். ஒண்ணு, எர்கோலே நின்னுட்டான். இல்லேன்னா, நீ முந்திட்டே. ரெண்டும் நடந்துது, எனக்கு என்ன காது செவிடா? எது முதல்லேன்னு பெரியவருக்குத் தெரியாது. அவன் கையிலே என்ன கோளாறு? நீ வீட்டு மனுஷன், உனக்குத் தெரியாம இருக்காது."

நான் வாயைத் திறந்தேன். ஒரு வார்த்தை போதும். விரல் மரத்துப்போச்சு என்று சொன்னால் நாற்காலி எனக்கு. சொல்லாவிட்டால் கல்யாண வீடு.

"எனக்கு ஒண்ணும் தெரியாது," என்றேன்.

"யோசிச்சுட்டு வா. நாளைக் காலையிலே நோன்பு காலத்துக் கச்சேரிப் பட்டியல் எழுதறேன். உன் பேரை எழுதறதா, அவன் பேரை எழுதறதான்னு அப்போ சொல்லு."

எர்கோலேயும் நானும் ஒன்றாகத்தான் வீட்டுக்கு நடந்தோம். பிடில் கடைத் தெரு வரைக்கும் இருவருக்கும் ஒரே வழி. பாதி வழியில் அவன் நின்றான்.

"எனக்காக உன் பேரைக் கெடுத்துக்கிட்டியே மச்சான். இதை நான் சாகற வரைக்கும் மறக்கமாட்டேன்."

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"உனக்காக ஒண்ணும் தூக்கல," என்றேன். "உன் இடத்தை எடுத்துக்கத் தூக்கினேன். நீ நின்னதும் எனக்குக் குஷியா இருந்துது. நான் வாசிச்சுக் காட்டறேன், எல்லாரும் பாக்கட்டும்னு தூக்கினேன். அந்தத் தூங்குமூஞ்சிப் பயல்கள் கூடவே வந்து கெடுத்துட்டாங்க. போதுமா? இப்போ நன்றி சொல்லு பாப்போம்."

அவன் என்னையே பார்த்தான். கோபம் வரும் என்று காத்திருந்தேன்.

"அது எனக்குத் தெரியும்," என்றான். "உன் பிடில் என்னோட சுரத்துலதானே ஆரம்பிச்சுது. எனக்கு ரெண்டு முழம் பின்னால. எனக்கு விரல்தானே செத்துப்போச்சு, காது நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் எதுக்குய்யா நன்றி?"

"நீ எந்த எண்ணத்துல தூக்கினா எனக்கென்ன? நான் அங்கே நடுச் சபையிலே அம்மணமா நின்னேன். ஒன்பது கட்டம் அப்படியே நின்னிருப்பேன். பதினெட்டுப் பேர் வந்து என்னை மூடிட்டீங்க. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்." மரத்த விரல்களை அக்குளில் வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தான். "வா, குளிருது."

எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை என்பதைச் சொல்ல வேண்டுமா? விடிந்ததும் முகத்தைக்கூடக் கழுவாமல் வாத்தியார் வீட்டுக்குப் போனேன். நான் தப்பாக எண்ணிவிட்டேன், என் பெயரை அடித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் போனேன். இதை யாராவது நம்பினால் சரி, நம்பாவிட்டாலும் சரி.

வாத்தியார் பாலில் ரொட்டியை முக்கித் தின்றுகொண்டிருந்தார். மேஜைமேல் பட்டியல். மை காய்ந்திருந்தது.

"லேட்டு," என்றார். "உன் மச்சான் விடியறதுக்கு முன்னாடியே வந்து கதவைத் தட்டிட்டான். விரலைக் காட்டினான். ஊசியை எடுத்துக் குத்திக்கிட்டான், ரத்தம் வருது, இமைக்கல. நாலு மாசமா இதோட வாசிச்சிருக்கான், ராஸ்கல். நான் ஒரு பாடு திட்டினேன்."

"அவனை..."

"அடிச்சுடலே. ஓட முடியாது, நடக்க முடியும்னான். பூரணத்துல நடக்கறதுதானே வேலை. உன் நாற்காலி அவனுக்கு. அவன் நாற்காலி உனக்கு. நான் தப்பா எழுதிட்டேன், அந்த ஒன்பது கட்டம் வேண்டாம்னு கடைசி நேரத்துல எடுத்துட்டேன்னு பெரியவர்கிட்டே சொல்லிக்கறேன். என் உருப்படி, என் கத்தரி."

ஒன்பது வருஷமாகக் கேட்கக் காத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். இருந்தும் ஒன்று கேட்காமல் போக முடியவில்லை.

"வாத்தியாரே, நான் அவனைக் காப்பாத்தறதுக்காகத் தூக்கினேன்னு சொன்னானா?"

"சொன்னான்."

"அது பொய்."

"தெரியும்." ரொட்டியின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டார். "நாலு சுரம் கேட்டுது. சுத்தமா இருந்துது. அந்தக் கழுதைகள் மட்டும் வராம இருந்தா நீ முழுசையும் வாசிச்சு முடிச்சிருப்பே. அதுக்காகவே உன்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். போ, உன் புது நாற்காலித் தாளை எடுத்துட்டுப் போய்ப் படி."

தாளை எடுத்துக்கொண்டு நேரே தங்கை வீட்டுக்குப் போனேன். ஓர்சோலா கதவைப் பாதிதான் திறந்தாள்.

"யார்கிட்டேயும் சொல்லலேம்மா. சத்தியமா ஒரு வார்த்தை சொல்லல," என்றேன்.

"சொல்லல. அவர் சொல்லும்படி பண்ணிட்டே." என் கையில் இருந்த தாளைப் பார்த்தாள். "உனக்கு வேண்டியது கிடைச்சுடுச்சு இல்ல? இன்னும் எதுக்கு இங்கே நிக்கறே?"

கதவைச் சாத்தினாள். உள்ளே எர்கோலே, "அவனை விடு ஓர்சோலா," என்று சொன்னது கேட்டது. அவள் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு எனக்கு அதோடு நின்றது.

நோன்பு காலத்தின் இரண்டாவது திங்கட்கிழமை அதே உருப்படியை மறுபடி வைத்தார்கள். வெட்டிய ஒன்பது கட்டத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று கர்தினாலே சொல்லி அனுப்பியிருந்தார். நான் முன்னால் உட்கார்ந்தேன். அங்கே உட்கார்ந்தால் என்ன தெரியும் என்று நான் ஒன்பது வருஷம் கற்பனை பண்ணியிருந்தேன். ஒன்றும் தெரியவில்லை. பின்னால் இருக்கும் வரைக்கும் எல்லாருடைய கையும் என் கண்ணில் படும். இங்கே எதிரே சபை, பக்கத்தில் வாத்தியாரின் முழங்கை. பதினெட்டுப் பேரும் முதுகுக்குப் பின்னால். என் பழைய நாற்காலியில் எர்கோலே. இப்போது எல்லாரும் அவன் வில்லைப் பார்க்கிறார்கள்.

துள்ளல் நடை வந்தது. பின்னால் இருந்தவர்கள் முழங்கிவிட்டு அடங்கினார்கள். கூடம் திடீரென்று காலியானது மாதிரி இருந்தது. வாத்தியார் கேட்டார், நான் சொன்னேன். கேட்டார், சொன்னேன். பதினான்கு வந்தது. வாத்தியார் தன் நீண்ட சுரத்தில் போய் நின்றுகொண்டார். நான் ஓடினேன்.

நன்றாகத்தான் வந்தது. விரல் நாலும் சொன்னபடி கேட்டன. ஆனால் நான் ஆசைப்பட்ட சந்தோஷம் வரவில்லை. பயம்தான் வந்தது. பின்னால் ஒரு மனுஷன் இருக்கிறான், அவன் இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன், அவன் முழங்கை அசைந்தால் போதும். இந்த இடத்தில் நான் அவனுக்குப் பண்ணினதை அவன் எனக்குப் பண்ணலாம். பண்ணினால் கேட்பதற்கு எனக்கு வாய் ஏது? பதினேழு. பதினெட்டு. தனியாக, வெட்டவெளியில் ஓடிக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷமும் முன்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இப்படித்தான் இருந்திருக்கும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. இருபது. எர்கோலே ஒன்பது வருஷம் இங்கே இருந்தான். கடைசி நாலு மாதம் இரண்டு விரலோடு இருந்தான். இருபத்திரண்டு. இருபத்து மூன்று.

வந்தார்கள். ஒரு இழை முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அத்தனை பேரும் ஒரே மூச்சில், என் முதுகைத் தாங்கிப் பிடிக்கிற மாதிரி. அதில் எர்கோலேயின் பிடில் மட்டும் எனக்குத் தனியாகக் கேட்டது.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. தாள் தெரியவில்லை. வில்லை விட்டுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொள்ளலாமா என்று கை தயங்கியது.

வாத்தியார் தலையைத் திருப்பாமல், வாசித்துக்கொண்டே, பல்லுக்கு நடுவில் சொன்னார்: "அழறதுன்னா அப்புறம் அழு. இன்னும் முப்பது கட்டம் இருக்கு."

இருந்தது. எல்லாரும் சேர்ந்து வாசித்தோம்.